டிகிரிக்குப் படிக்கும் மிஸ்ஸி

திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு மிஸ்ஸி. இரவு டியூட்டி முடிந்து வந்து, புட்டை அவிய வைத்துவிட்டு அடுப்படியிலேயே அசைன்மென்ட் எழுதுகிறா. டிப்ளோமாவோடு வார்ட்டுக்குப் போனவர்களும் வேலையை விடாமல் பட்டம் எடுக்கட்டும் என்று, கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத் துணையோடு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் பி.எஸ்சி. தாதியியலைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். பாடம் ஆங்கிலத்தில், தலைமையகம் கொழும்புப் பக்கம் நாவலையில். போக நேர்ந்தால் நித்திரையை இரவு பஸ்ஸிலேயே கொள்ளலாம். வருடக்கணக்காக ஊசி போட்ட கை, ஊசி போடுவது எப்படி என்று எழுதிப் பாஸ் எடுக்க வேண்டும். ரோஸ்டர் போடுகிறவர் மனமிரங்கினால் பரீட்சைக்கு லீவு.

பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரே சந்தேகம்: “படிச்சு முடிச்சா டொக்டர் ஆகலாமோ, பிள்ளை?”

“இல்லை மாமி, மிஸ்ஸிதான்.”

“பிறகென்னத்துக்கு இந்தப் பாடு?” என்றபடி, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினா மாமி.