எலியை விடுலே பேராண்டி

வாலே பேராண்டி. பட்டணத்துல நாலு வருசம் கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்த புள்ள, இந்தக் கறுப்புச் சன்னலைப் பாத்ததும் பேயடிச்ச கணக்கா நிக்கியே! வின்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் சேத்து அமுக்கு. ‘சிஎம்டி’ன்னு அடிச்சு எண்டரைத் தட்டு. கடிக்காது.

எலியைப் பிடிச்சே வளந்த கை, அதான் உதறுது. நான் கூட்டுறவுச் சங்கத்துல கணக்கெழுதுன காலத்துல எலியெல்லாம் குடோன்லதான் கெடந்துச்சு. மேசையில டாஸ்தான், 1981-ல ஐபிஎம் பெட்டியோட வந்தது. கோப்புக்குப் பேரு எட்டெழுத்து, வாலு மூணெழுத்து. அதுக்கு மேல வாங்காது. உங்கப்பன் உனக்கு வச்ச பேருக்கு ரெண்டு கோப்பு வேணும். இப்ப நீ பாக்கது டாஸ் இல்ல, அதோட சாயல்ல பொறந்தது. ஆனா குணம் அதே குணம். உங்காத்தா மாதிரி முகம் பாத்துச் சோறு வைக்காது.

மொதல்ல ‘டிர்’. வீட்டுக்குள்ள நுழைஞ்சா யார் யார் இருக்காவன்னு பாக்கணும்லா, அது. ‘சிடி’ போட்டுப் பெட்டிப் பேரைச் சொன்னா உள்ள போவும்; ‘சிடி’யோட ரெண்டு புள்ளி வச்சா ஒரு படி வெளிய வரும். இதுல ஒரு வம்பு. சி-யில இருந்துக்கிட்டு டி-யில உள்ள போட்டோப் பெட்டிக்கு ‘சிடி’ போட்டேன்னு வையி, மாட்டேன்னும் சொல்லாது, நவுரவும் நவுராது. கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்ட தாய்மாமன்தான். ‘டி’ போட்டு முக்காற்புள்ளி வச்சுத் தட்டு, எந்திரிச்சு வருவாரு.

நெட்டு வரலன்னா கம்பெனிக்காரனை ஏசுதியே, ‘பிங்’ போட்டு நம்ம வீட்டு ரவுட்டரை முதல்ல கூப்பிட்டுப் பாத்தியா? நாலு தடவை கூப்பிடும். பதில் வந்தா கோளாறு அதுக்கு அந்தப் பக்கம். அப்புறம் ஏசு, நானும் சேந்துக்கிடுதேன்.

இனி ‘டெல்’. இங்க கையைக் கட்டிக்கிட்டுக் கேளு. இதுல அழிச்சது குப்பைத்தொட்டிக்குப் போவாது, போனது போனதுதான். நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம்னு போட்டு மொத்தத்தையும் அழிக்கப் போனா, நெசமாத்தானான்னு ஒரு வார்த்தை கேக்கும். நட்சத்திரம், புள்ளி, ஜேபிஜின்னு போட்டா அதுவும் கேக்காது, உங்கக்கா கல்யாணப் படம் பூரா சத்தமில்லாமப் போயிரும். வீட்டையே கொளுத்தப் போறவன்கிட்ட விசாரணை, கூரையை மட்டும் பிரிக்கவனுக்கு ராசமரியாதை! எவன் வச்ச சட்டமோ. அதனால ‘டெல்’ அடிக்குமுன்ன அதே நட்சத்திரத்தை ‘டிர்’ல போட்டுப் பாரு. அங்க வந்து நிக்கவுகதான் இங்க சாவப்போறவுக. நானா? ஒருக்கா பாக்காம அடிச்சேன். ஒரு வருச உரக்கணக்கைத் திரும்ப எழுதுனேன், கையால.

என்னலே, திரையில என்னமோ எழுதி வருதா? நேத்து ராத்திரி சோத்துக்கு நாலு தரம் கூப்பிட்டும் வெளையாட்டை விட்டு எந்திரிக்கல நீ. அதான் இப்ப நீ காப்பி குடிக்கப் போனப்ப ‘ஷட்டவுன்’ அடிச்சு, சாய்கோடு எஸ், சாய்கோடு டி, 600-ன்னு போட்டு வச்சேன். பத்து நிமிசத்துல அணைஞ்சிரும். நிறுத்தவும் ஒரு எழுத்து இருக்கு. ‘ஷட்டவுன்’ போட்டு, சாய்கோடும் கேள்விக்குறியும் வையி. அதுவே சொல்லித் தரும். பட்டியல் கொஞ்சம் நீளம். வேகமா வாசி.