கிடங்கு சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு ஆர்டர் நிறைவேற்று மையம் அவர்கள்,
நெடுஞ்சாலையோரம், தகரக் கூரை.

பொருள்: நகவெட்டி கிடைத்தமைக்கு நன்றியும் சில கோரிக்கைகளும்.

ஐயா,

தாங்கள் அனுப்பிய நகவெட்டி நலமாக வந்து சேர்ந்தது. கூடவே வந்த அட்டைப்பெட்டியில் எங்கள் தெருப் பூனை குடித்தனம் நடத்துகிறது.

பெட்டி 30 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரம். பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 1.8 கிலோ. கூரியர் கணக்கில் பெட்டி அடைக்கும் இடமும் எடைதான். தராசு எடை, இட எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். எனக்கு ‘டெலிவரி இலவசம்’ என்றீர்கள். அவ்வளவு காற்றையும் சுமந்து வந்த கூலியை விற்பனையாளர் கணக்கில் கழித்திருப்பீர்கள். தர்மம் தங்களுடையது, காசு அவருடையது.

தங்கள் அடுக்கும் முறையையும் மெச்ச வேண்டும். நகவெட்டிக்குப் பக்கத்தில் குக்கர் கேஸ்கட், அதற்கடுத்துக் கிலுகிலுப்பை, அதற்கும் அடுத்துப் பகவத் கீதை. காலியான தட்டில் பொருளை வைத்து, இரண்டின் பார்கோடையும் ஸ்கேன் செய்தால் முடிந்தது. ஒரே மாதிரிப் பொருள்கள் பக்கத்தில் இல்லாததால் மாற்றி எடுக்கும் தவறும் குறைகிறது. எங்கள் வீட்டுப் பரணும் இதே முறைதான், ஸ்கேனர்தான் இல்லை.

எது எங்கே என்று அந்த ஸ்கேனருக்குத்தான் தெரியும். அது வரிசை சொல்லும், தட்டு சொல்லும். பொருளை எடுத்துவரும் பிக்கர் தம்பி நடப்பார். எடுத்த கையோடு அடுத்த தட்டு. நடுவில் அவர் நின்ற நொடிகளும் பதிவாகும். அமெரிக்காவின் அமேசான் 2012-ல் கிவா சிஸ்டம்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கி, அலமாரியே ஆளைத் தேடி வரும்படி செய்தது. இங்கே ஆளே அலமாரியைத் தேடிப் போய்விடுகிறார்; தங்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.

பெல்ட்டில் ஓடும் பெட்டியின் எடை கொஞ்சம் பிசகினாலும் ஓரங்கட்டும் துல்லியம் தங்களுடையது. அந்தத் துல்லியத்தை நம்பியே கேட்கிறேன்:

1. பெட்டிகளில் சின்னதும் உண்டு என்று தங்கள் கணினிக்கு யாராவது எடுத்துச் சொல்லவும்.

2. நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று செய்தி வந்தது. டெலிவரி தம்பியைக் கோபிக்க மாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை பார்சல் என்று முடிவு செய்பவர், அந்தப் பையை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் எங்கள் பேட்டையைச் சுற்றி வரவும்.

3. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். தங்கள் கிடங்கிலும் பிக்கர் தம்பிக்கு ஒரு நாற்காலி இருக்கத்தான் வேண்டும். எந்த வரிசை, எந்தத் தட்டு என்பதை அவருடைய ஸ்கேனரில் காட்டவும். அதையும் எதனோடோ கலந்து வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

இப்படிக்கு,
ஆர்டர் எண்ணாக மட்டுமே தாங்கள் அறிந்த வாடிக்கையாளர்