நூற்றுக்கு ஐந்தும் ஒரு பிளேன்டீயும்

பசறையிலிருந்து நமுனுகுல வழியாக எல்ல பக்கம் போகிறவர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. படம் எடுப்பார்கள், செவ்விளநீர் குடிப்பார்கள், ரயில் வந்ததும் கூச்சல் போடுவார்கள். அதைக் கட்டியவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. புதிதாக வீடு கட்டத் தொடங்கி, அத்திவாரத்திலேயே கையிருப்பு கரைந்துபோனவருக்குத்தான் அந்தக் கேள்வி எழும்.

அதற்கு ஊரில் ஒரு கதை இருக்கிறது. முதலாம் உலகப் போரில் பாலத்துக்கு வரவேண்டிய இரும்பு போர்க்களத்துக்குப் போய்விட்டதாம். வெள்ளைக்கார எஞ்சினியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, பி. கே. அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் போதும் என்று முன்வந்தாராம். அவர் கேட்ட தொகை மதிப்பீட்டைவிட மிகக் குறைவு. நம்பாதவர்களிடம், முதல் ரயில் போகும்போது பாலத்தின் அடியில் படுத்துக்கொள்கிறேன் என்றாராம். இந்தக் காலத்தில் எந்த வங்கியும் தராத உத்தரவாதம் அது. 1921இல் பாலம் முடிந்ததும், அவருக்குரிய பணத்தை நான்கு குதிரை வண்டிகளில் வெள்ளிக் காசாக ஏற்றி அனுப்பினார்கள் என்று கதை முடிகிறது.

ஆவணங்களில் இவ்வளவு சுவாரசியம் இல்லை. இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கையில் வரைபடங்களும் கணக்குகளும் இருக்கின்றன. பாலத்தை வடிவமைத்தவர் ரயில்வே கட்டுமானப் பகுதியைச் சேர்ந்த ஹெரல்ட் கத்பர்ட் மார்வூட். 300 அடி நீளம், 80 அடி உயரம். மார்வூட் வாங்கிய சம்பளத்தைப் பற்றி எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் பேச்சு இல்லை. மொத்தத் தொகைக்குப் பொறுப்பெடுத்தவருக்குத்தான் குதிரை வண்டி.

இன்றைக்குக் கட்டுமான வேலையை நடத்திக் கொடுக்க வருகிறவர், அதாவது செயற்திட்ட முகாமையாளர், நான்கு விதமாகக் காசு கேட்பார். செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்பது ஒன்று. மொத்தமாக இவ்வளவு என்பது இன்னொன்று. மாதம் இவ்வளவு என்றும் சிலர் கேட்பார்கள். நாலாவது ஆள், "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்பார். நால்வரில் விலை கூடியவர் அவர்தான். அவரிடம் பிறகு வருவோம்.

நூற்றுக்கு ஐந்து என்பது காதுக்கு நியாயமாகத்தான் படும். 80 இலட்ச ரூபா வீட்டுக்கு நான்கு இலட்சம். அதே வீடு 120 இலட்சத்தில் போய் நின்றால் ஆறு இலட்சம். வீட்டுக்காரருக்கு நாற்பது இலட்சம் கைநட்டமான அதே நாளில், அவருடைய செலவுக்குக் காவல் இருக்க வந்தவருக்கு இரண்டு இலட்சம் சம்பள உயர்வு. அந்த மனிதரைத் திருடர் என்று யாரும் சொல்லவில்லை. குளியலறைக்கு இத்தாலி டைல்ஸ் போடலாமா என்று வீட்டுக்கார அம்மா கேட்கும்போது "வேணாம் அக்கா" என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் நா எழாது, அவ்வளவுதான்.

2021இல் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. வீட்டுக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். சதவீதத்துக்கு வேலை செய்தவர்களின் கட்டணம், அவர்கள் ஒரு கல்லைக்கூடக் கூடுதலாகப் பார்க்காமலேயே, விலையோடு சேர்ந்து ஏறியது. விஷயம் தெரிந்தவர்கள் அதனால்தான் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வார்கள்: சதவீதம் தொடக்க மதிப்பீட்டுக்கே தவிர, கடைசியில் ஆகும் செலவுக்கு அல்ல.

தோட்டத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் காலத்துக் கங்காணிக்குத் தலைக்காசு இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை சதம் என்று அவருக்குச் சேரும். வேலை எவ்வளவு நடந்தது என்பது துரையின் கவலை. எத்தனை தலை எழுந்து வந்தது என்பது கங்காணியின் கவலை. காய்ச்சலில் கிடந்தவரைக்கூட லயத்து வாசலில் நின்று எழுப்பியதற்கு அவருடைய குணம் பாதி, கணக்கு பாதி. ஆட்களின் கடனை எழுதி, ஆளையும் கடனையும் சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை சட்டப்படி ஒழிந்ததும் அந்த 1921இல்தான். கட்டணம் எதன்மேல் விழுகிறதோ அதுதான் பெருகும். தலைக்குக் காசு என்றால் தலை பெருகும், செலவுக்குக் காசு என்றால் செலவு பெருகும்.

மொத்தத் தொகைக்குப் பேசிக்கொள்வதில் அந்தச் சிக்கல் இல்லை. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைக் கட்டிய ஸ்டாரெட் சகோதரர்கள் நிறுவனம் ஐந்து இலட்சம் டொலர் என்று கட்டணத்தை முதலிலேயே முடித்துக்கொண்டது. 1930 மார்ச்சில் தொடங்கிய வேலை. 1931 மே முதலாம் திகதி 102 மாடிகளோடு திறப்பு விழா. செலவும் மதிப்பீட்டுக்குள்ளேயே அடங்கியது. பொருளாதார மந்தத்தில் சாமான் விலையும் கூலியும் இறங்கிக் கிடந்தது அதற்கு ஒரு காரணம். இருந்தாலும் செலவு இறங்கியதற்காக அந்த நிறுவனம் கண்ணீர் விடவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

பசறையில் மொத்தத் தொகைக்குப் பேசினால் வேறு வில்லங்கம். தொகை நிச்சயமான பிறகு ஆளைக் காண்பது அரிதாகும். முதல் வாரம் தினமும் வருவார். லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழும்பும்போது வாரத்துக்கு ஒருமுறை. கூரை ஏறும்போது வட்ஸ்அப்பில் வருவார். "பாஸ், போனை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க" என்று மேசன் பாஸிடம் சொல்வார். பாஸ் நேராக இருக்கும் தூணை மட்டும் காட்டுவார். பாஸுக்கும் அனுபவம் உண்டல்லவா.

மாதச் சம்பளம் பேசியவர் தினமும் வருவார், நேரத்துக்கு வருவார், குறை சொல்ல இடமில்லை. ஐப்பசியில் ஊவா மலையில் மழை பிடித்தால் மண் வெட்ட முடியாது, மணல் டிப்பர் ஏறாது, கொங்கிரீட் போட முடியாது. தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலி போட்டு, பிளேன்டீயை உறிஞ்சியபடி, "மழை விடட்டும் ஐயா" என்பார். கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். இவருக்கு மழையிலும் முழுப் பேர். அதற்காக மழையைப் பொருட்படுத்தாமல் அவரை அவசரப்படுத்தவும் முடியாது. மண்சரிவு அபாயமுள்ள பதுளை மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைப் பார்த்துத்தான் அத்திவாரமே வெட்டவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, இதில் யாரும் விளையாடுவதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு முடிவுத் திகதி ஒன்றைக் குறித்து, அதற்குப் பிறகு பாதிச் சம்பளம் என்று பேசிக்கொள்வது நல்லது. மழை நாட்களைக் கழித்துக் கொடுத்துவிடலாம், அது நியாயம்.

இதில் எந்த வகையிலும் சேராமல் வீடு கட்டியவர்களும் இருக்கிறார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீட்டுக்கு ஒன்பதரை இலட்சம் ரூபா. ஏழு பேர்ச் காணி. ஐ.நா. ஹெபிடாட்டும் செஞ்சிலுவை அமைப்புகளும் தொழில்நுட்பத்துக்குத் துணைநிற்க, குடும்பமே முன்நின்று கட்டுவதுதான் ஏற்பாடு. காலையில் கொழுந்து பறித்துவிட்டு, பின்னேரம் கம்பி எண்ணி, சீமெந்து மூட்டை எண்ணி, பாஸோடு சண்டை பிடித்த பெண்களை முகாமையாளர் என்று யாரும் அழைக்கவில்லை. கட்டணமும் கொடுக்கவில்லை. ஆனால் பணம் வந்த விதத்தைக் கவனிக்கவேண்டும். அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று. நாள் போனதற்கோ செலவு ஏறியதற்கோ காசு கிடையாது, வேலை கண்ணுக்குத் தெரிந்தால்தான் காசு. முகாமையாளருக்கும் இப்படியே கொடுப்பதுதான் சரி என்பது இதை எழுதுபவரின் கட்சி.

இனி அந்த நாலாவது ஆள். பெரும்பாலும் மாமா. வீட்டுக்காரத் தம்பி கட்டாரில் இருப்பார். "நம்ம வீடுதானே தம்பி, ஃபீஸெல்லாம் எதுக்கு?" என்பார் மாமா. மாமாவுக்குப் பழக்கமான ஹார்ட்வெயார் கடையில்தான் கம்பி வாங்கவேண்டும். அந்தக் கடை மாமாவுக்கு மாதா மாதம் ஒரு மரியாதை செய்யும். மணல் நாலு கியூப் என்று பில் வரும். இறங்கியது மூன்றா நாலா என்பதை மழைதான் அறியும். மிஞ்சிய சீமெந்து மாமா வீட்டு மதிலாக எழுந்து நிற்கும். எல்லாம் கூட்டினால் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டி எங்கோ போயிருக்கும். பில் கேட்கவும் முடியாது. கட்டணம் வாங்குகிறவரை நிறுத்தலாம், மாமாவை நிறுத்தினால் தங்கச்சி கல்யாணத்துக்கு யார் முன்நிற்பது?

ஆகவே யாரை வைத்தாலும், கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக்கூடாது, கழிவு கிடைத்தால் அது வீட்டுக்காரருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாமாவானாலும் ஒரு தொகை பேசி, கையில் கொடுத்துவிடுங்கள். உறவுக்கும் அதுதான் மலிவு. பெரிய ஒப்பந்தங்களில் நூற்றுக்கு ஐந்து அளவில் பிடித்துவைத்து, அதில் ஒரு பகுதியைக் குறை திருத்தும் காலம் முடிந்த பிறகே விடுவிப்பது வழக்கம். முகாமையாளரின் கடைசித் தவணைக்கும் அதையே செய்யலாம். பசறையில் கூரை ஒழுகுமா, பின்மதில் நிற்குமா என்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் தெரிந்துவிடும். அந்தத் தவணையைத் தைப்பொங்கல் கழிந்த பிறகு கொடுங்கள்.