பீவர் அம்மாளின் தையல் மிஷின்: நார்னியா மீள்வாசிப்பு குறித்த ஓர் ஆய்வு

சிறுவயதில் சோறு தண்ணி மறந்து படித்த மாயக்கதையை நடுவயதில் மறுபடி எடுத்தால், வாசகரின் அனுதாபம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம். எடுத்துக்கொண்ட நூல், சி. எஸ். லூயிஸ் எழுதி 1950 அக்டோபரில் லண்டனில் வெளிவந்த ‘தி லயன், தி விட்ச் அண்டு தி வார்ட்ரோப்’. ஆய்வுக் கருவிகள்: ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மூக்குக்கண்ணாடி. இரண்டாவது கருவி முதல் வாசிப்பின்போது தேவைப்படவில்லை என்பதையும் ஒரு தரவாகவே கொள்ள வேண்டும்.

இப்படி ஒரு மீள்வாசிப்பு நடக்கும் என்று நூலாசிரியரே எதிர்பார்த்தார். ஞானமகள் லூசி பார்ஃபீல்டுக்கு எழுதிய சமர்ப்பணத்தில், புத்தகம் தயாராவதற்குள் நீ வளர்ந்துவிட்டாய், ஆனாலும் தேவதைக் கதைகளை மறுபடி படிக்கும் வயது ஒருநாள் உனக்கு வரும் என்ற பொருளில் சொல்கிறார். எந்த வயது என்று சொல்லவில்லை. மளிகைச் சாமான் பட்டியலைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கும் வயது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

கதை தெரியாதவர்களுக்கு: போர்க்கால லண்டனிலிருந்து குண்டுவீச்சுக்குத் தப்பிக்க அனுப்பிவைக்கப்பட்ட பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு பிள்ளைகள், ஒரு கிழட்டுப் பேராசிரியரின் கிராமத்து மாளிகைக்கு வருகிறார்கள். அங்கே ஓர் அலமாரிக்குள் தொங்கும் ஃபர் கோட்டுகளை விலக்கிக்கொண்டே போனால் நார்னியா. ஆட்சி வெள்ளைச் சூனியக்காரியுடையது. ஓயாத குளிர்காலம், கிறிஸ்துமஸ் மட்டும் வருவதே இல்லை.

முதல் வாசிப்பில் எட்மண்டை மன்னிக்க மனம் வராது. சூனியக்காரி நீட்டிய டர்க்கிஷ் டிலைட்டுக்காகக் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவன். அந்தப் பண்டத்தைக் கண்ணால் கண்டிராத இவ்வாய்வாளர் அதைத் திருநெல்வேலி அல்வா என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது மாவும் சர்க்கரையும் பன்னீரும் சேர்த்துக் கிண்டிய கட்டி. பொட்டு நெய் கிடையாது. நெய்யில்லாத ஒன்றுக்காக ஒருவன் அண்ணனைக் காட்டிக்கொடுப்பானா? விடை பிரிட்டனின் ரேஷன் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே 1940 ஜனவரியில் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் வந்தது. 1942-ல் மிட்டாய்க்கும் வந்தது. போர் முடிந்த பிறகு, 1949 ஏப்ரலில் மிட்டாய்க் கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் கடைகளைத் துடைத்து வழித்துவிட்டதால் ஆகஸ்டிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். அது ஒழிந்தது 1953 பிப்ரவரியில். ஆக, இந்த நூலின் முதல் வாசகர்கள் ரேஷன் புத்தகமும் கையுமாக மிட்டாய் வாங்கிய பிள்ளைகள். தலைக்கு நான்கு வாரத்துக்குச் சுமார் 12 அவுன்ஸ். எட்மண்டுக்குக் கிடைத்ததோ பல பவுண்டு. இரண்டே பவுண்டு என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் பத்து வார ரேஷனைத் தாண்டுகிறது. அதுவும் வரிசையில் நிற்காமல், பனிவண்டியில் உட்கார்ந்த இடத்திலேயே. சூனியக்காரி அவனுக்கு அல்வா கொடுத்தாள் என்பதை ஆய்வாளர் மறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அந்த வருடங்களில் அந்த நாட்டில் எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும் என்று மட்டும் கேட்கிறார்.

இனி விநியோகச் சிக்கல். ஆட்டுக்கால் மனிதர் டம்னஸ், குடை பிடித்துக்கொண்டு காகிதப் பொட்டலங்களோடு பனியில் நடந்து வரும்போதுதான் லூசி அவரை முதலில் பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்கித் திரும்புகிறவர் போல் இருந்தார் என்று நூலே சொல்கிறது. கிறிஸ்துமஸே வராத நாட்டில் அவர் எந்தக் கடைக்குப் போனார்? பொட்டலத்தில் என்ன? நூல் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் முட்டை, வறுத்த ரொட்டி மேல் மத்தி மீன், தேன், கேக் என்று வரிசையாக வருகின்றன. ஆறும் ஏரியும் உறைந்த நாட்டில் கடல் மத்தி எந்த வழியாக வந்தது என்ற கேள்வி ஒன்பது வயதில் எழாது. மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு எழாமல் இருக்காது.

ஆய்வின் மையப் பகுதி, பிள்ளைகள் அடைக்கலம் புகும் பேசும் பீவர் விலங்குத் தம்பதியின் வீடு. கூரையிலிருந்து வெங்காயச் சரமும் பன்றித்தொடை ஹாமும் தொங்குகின்றன. (போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டு ஆண்டுகளில் அமெரிக்க அன்பர் ஒருவர் லூயிஸுக்கு ஹாம் பார்சல்கள் அனுப்பிவந்தார். அந்தக் கூரைக்கு ஹாம் வந்த பாதை இதுவே என்று ஆய்வாளர் துணிகிறார்.) பீவர் அம்மாள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட்டு முடிந்ததும் பார்த்தால் எட்மண்டைக் காணோம், சூனியக்காரியிடம் ஓடிவிட்டான். இதோ வந்துவிடுவாள் என்று எல்லோரும் பதறுகிறார்கள். அம்மாள் மட்டும் மூட்டை கட்டுகிறார். ஹாம், தேயிலை, சர்க்கரை, தீப்பெட்டி, ரொட்டி, கைக்குட்டைகள். ஆளுக்கொரு மூட்டை, லூசிக்குச் சின்னது. சீக்கிரம், சீக்கிரம் என்று பிள்ளைகள் கத்த, அவள் வர எப்படியும் கால் மணி நேரமாகும், அவளுக்குப் பனிவண்டி, நமக்குக் கால்நடை, எப்படி ஓடினாலும் முந்த முடியாது என்று கணக்குச் சொல்கிறார். கடைசியாக, தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று கேட்கிறார். ராத்திரி ஒளிந்த பொந்திலும், அவசரப்படுத்தாமல் இருந்தால் தலையணை கொண்டுவந்திருப்பேன் என்று முனகல்.

முதல் வாசிப்பில் இந்த அம்மாளைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றியது. இரண்டாவதில், இந்தப் படையெடுப்பில் மறுவேளைச் சோற்றை நினைத்த ஒரே ஆள் இவர்தான் என்பது தெரிகிறது. பீட்டர் வாளால் ஓர் ஓநாயைக் கொன்றான், சரி. அந்த வாளைப் பிடிக்கத் தெம்பு கொடுத்த ஹாமை யார் நினைத்துக்கொண்டு எடுத்துவந்தார்? ஒருவழியாக நார்னியாவுக்கு வந்துசேரும் கிறிஸ்துமஸ் தாத்தா விவரமானவர். பிள்ளைகளுக்கு ஆயுதம் கொடுத்துவிட்டு, அம்மாளுக்குப் புதுத் தையல் மிஷின் என்கிறார். உடனே அம்மாள், வீடு பூட்டியிருக்கிறதே என்கிறார். ஊரை விட்டு உயிருக்குப் பயந்து ஓடும்போதும் கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்!

தலைப்பில் உள்ள சிங்கமான அஸ்லானின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் கிறிஸ்தவ நோக்கில் விளக்கும் நூல்கள் ஏராளம்; அங்கே ஆய்வாளர் செய்ய ஒன்றுமில்லை. மெக்ரீடி அம்மாள் விஷயம் அப்படியல்ல. பேராசிரியரின் வீட்டை நிர்வகிப்பவர். பிள்ளைகள் என்றால் ஆகாது என்று ஒரே வரியில் நூல் அவரை முடித்துவிடுகிறது. அவர் நிலைமையைப் பாருங்கள்: ரயில் நிலையம் பத்து மைல், தபால் நிலையம் இரண்டு மைல், வேலைக்காரப் பெண்கள் மூன்று பேர், வீட்டைச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டம் வேறு. போதாததற்கு லண்டனிலிருந்து நான்கு பிள்ளைகள். வந்த பிள்ளைகளுக்காக அன்றைய அரசு கொடுத்த சிறு படித்தொகை வீட்டுக்காரருக்குத்தான் போகும். எச்சில் தட்டு மட்டும் இவருக்கு.

ராஜாவாகவும் ராணியாகவும் நார்னியாவை வெகுகாலம் ஆண்டுவிட்டுப் பிள்ளைகள் அலமாரி வழியே திரும்பி வரும்போது, இங்கே ஒரு நிமிடம்கூடக் கழியவில்லை. நான்கு ஃபர் கோட்டுகள் மட்டும் இல்லை. பேராசிரியர் சாவதானமாக, திரும்பப் போய் எடுத்துவரப் பார்க்காதீர்கள், இனி அவை உதவாது என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்வார், சாமான் கணக்கு வைத்திருப்பவர் அவரல்லவே. கோட்டுகள் எங்கே என்று மெக்ரீடி அம்மாள் கேட்டாரா, என்ன பதில் கிடைத்தது, யார் தலையில் விடிந்தது என்பதைத் தனி ஆய்வாக எடுத்துக்கொள்ள ஆய்வாளர் விண்ணப்பித்திருக்கிறார். வீட்டில் பரணைச் சுத்தம் செய்து முடித்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.