கிடங்கு தந்த வீடு

கேள்வி: 'ஹவுஸ்' என்று ஓர் ஆட்ட இசை இருக்கிறதே, அதற்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: பெயர் வந்தது வீட்டிலிருந்து அல்ல, கிடங்கிலிருந்து! சிகாகோவில் 1977-ல் தொடங்கிய நடன விடுதி 'வேர்ஹவுஸ்', அதாவது கிடங்கு. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு கொண்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அங்கே கேட்ட இசையைத் தேடி இசைத்தட்டுக் கடைக்குப் போனவர்களின் வாயில் பெயர் 'ஹவுஸ்' என்று சுருங்கியது. தமிழில் 'வீடு' என்றால் விடுதலையும்தானே? வெளியே ஒளிந்து வாழ்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

1979-ல் அதே ஊர் பேஸ்பால் மைதானத்தில், ஹவுஸுக்குத் தாயான டிஸ்கோவின் இசைத்தட்டுகளை, அதை வெறுத்தவர்கள் குவித்து வெடிவைத்தார்கள். தட்டு உடைந்தது, தாளம் உடையவில்லை. வேர்ஹவுஸில் இசைத்தட்டு சுழற்றிய ஃபிராங்கி நக்கிள்ஸ், ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, கால் கேட்கும் இடத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனார். கணினியில் வெட்டி ஒட்டும் வசதி பரவாத காலத்துக் கைவேலை. எனக்கு இன்றும் அதுதான் பிரமிப்பு. டிரம் மெஷின் பிறகு வந்து சேர்ந்தது.

2004-ல் வேர்ஹவுஸ் இருந்த தெருப்பகுதிக்கு நக்கிள்ஸின் பெயரைச் சூட்டினார்கள். 2023-ல் அந்தக் கட்டடத்தையே சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.