நியூயார்க்குக்குக் கிளம்புற பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, சிங்கப்பூர்ல ஏறி ஒரே மூச்சுல நியூயார்க்ல இறங்கப் போறியாமே? உங்க அப்பன் ஊரு முழுக்கத் தண்டோரா போட்டுட்டான். 15,300 கிலோமீட்டருன்னு உன் போனு சொன்னதாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம்னு அதை வகுத்துப் பதினேழு மணி நேரம்னு தங்கச்சிகிட்ட அளந்து விட்டியாம். வகுத்தல் வந்துருச்சே, சந்தோசம்டா. நாலாப்புல அதுக்குத்தானே முட்டி போட்ட!

ஆனா அந்த 15,300 எந்த வழின்னு கேட்டியா? ஒரு பூகோள உருண்டையை எடு. ரெண்டு ஊரையும் ஒரு நூலால இழுத்துப் பிடி. நூலு நேரா உச்சிக்கு ஏறி, வடதுருவத்தை உரசிக்கிட்டு அந்தப் பக்கம் இறங்கும். அந்த நூலு நீளத்தைத்தான் உன் போனு சொல்லுது. விமானம் ஓட்டுறவனுக்கு அந்த நூலு மேல என்னடா பாசம்? அவன் ஜப்பான் பக்கமா ஏறிப் பசிபிக் கடலைத் தாண்டுவான். ஆயிரம் கிலோமீட்டர் கூடச் சுத்தினாலும் அலுத்துக்க மாட்டான். ஏன்னா, பத்து கிலோமீட்டர் உசரத்துல மேக்கேருந்து கிழக்கே ஒரு காத்து ஓடுது. அதை முதுகுல வாங்கிட்டா சுத்து வழிதான் வெரசு. எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சுச் சந்தைக்குப் போனவனுக்கு இது சொல்லாமலே புரியும். நீ பஸ்ஸுல போனவன்.

அப்படியும் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குன்னே செஞ்ச ஏர்பஸ் ஏ350. 1,65,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். அவ்வளவு பாரத்தைத் தூக்கணும்னு ஆளைக் குறைச்சுட்டான். மொத்தமே 161 சீட்டு. சாதா வகுப்பே கிடையாது. ஷேர் ஆட்டோவுல அஞ்சு ரூவாய்க்கு மல்லுக்கட்டுற பய நீ. இந்த விலை கட்டுப்படியாகலைன்னா, பிராங்க்பர்ட்ல நின்னு போற விமானமும் இருக்காம், அதையும் ஒரு வார்த்தை விசாரி.

இன்னொண்ணு. கோடையில நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்குப் பன்னெண்டு மணி நேரம் பின்னால. ராத்திரி பன்னெண்டுக்கு ஏறினா, அன்னைக்கே காலை ஆறரைக்கு இறங்கிருவ. ஆறரை மணி நேரத்துல அமெரிக்கான்னு பீத்திக்க, ஒருத்தனும் கேக்க மாட்டான். திரும்பயில இருக்கு சேதி. ராத்திரி பத்தரைக்கு ஏறினா இறங்குறது மூணாம் நாள் விடியக்காலம். நடுவுல ஒரு நாளைக் காணோம்னு தேடாதே. அந்த நாளுக்கும் வட்டிக்காரன் வட்டி போடுவான்.

சும்மா உக்காந்தே போகாதே, காலு வீங்கும். அப்பப்ப எந்திரிச்சு நட. ஓரத்து சீட்டாக் கேளு. சன்னல்ல உக்காந்து கடலைத் தவிர என்னத்தைப் பாக்கப் போற?

இறங்கினதும் போன் போடு. அங்க காலை ஆறரைன்னா நமக்குச் சாயங்காலம் நாலு. டீக்கடையிலதான் இருப்பேன், நாலு பேருக்குக் கேக்கும்படி சத்தமாப் பேசு. டிக்கெட்டு விலையை மட்டும் வாயைத் திறந்து சொல்லிறாதே. திருவிழா வசூல் நோட்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஒருத்தன் என் பக்கத்துலயேதான் டீ குடிச்சுக்கிட்டு இருப்பான்.