தாழிசையியல்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பேஸ் கிடார் கைமாறும் முறை குறித்து

பாயிரம்

ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் பாயிரத்திலேயே சொல்லிவிடுவது நம் மரபு. ஆக்கியோன், அம்பத்தூர்வாசி, இருபத்தைந்து வருடமாகப் பிறர் வீட்டு மாடிப்படியில் ஆம்ப்ளிஃபயர் தூக்கியவன். வழி, மின்சார ரயில். எல்லை, கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், வடக்கே புழல் ஏரி, தெற்கே பூந்தமல்லி. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு இல்லை; பேஸ் வாசிப்பவனுக்குத் தாளம் போதும். நுதலிய பொருள், பழைய பேஸ் ஒன்றை ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்க, மூன்றாமவர் ‘ஏமாந்துட்டியேடா’ என்பது. கேட்போர், பேஸுக்கு எந்நாளும் இருந்ததில்லை. பயன், மரபியலில் விளங்கும்.

முதல்நூல் ஆசிரியர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஆளுயர டபுள் பேஸைக் கட்டி இழுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்காக, 34 அங்குலக் கம்பி நீளத்தில் தோளில் மாட்டும் ‘ப்ரிசிஷன்’ பேஸை 1951-இல் கொண்டுவந்தார். 1960-இல் ‘ஜாஸ்’ பேஸ். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. இதிலிருந்து நம் வட்டாரம் ஒரு விதி எடுத்துக்கொண்டது: செய்தவருக்கே தெரியாதபோது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

வழிநூல் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்து 1985-இல் எரிந்துபோன அந்தப் பழம்பொருள் சந்தை இருந்த இடத்திலிருந்துதான் இன்றும் ஆவடி ரயில் கிளம்புகிறது. நிலையத்தின் பெயரே மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். சந்தை எரிந்தபின் அதன் ஆவி ரயிலேறி வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் கடந்து அம்பத்தூரில் இறங்கிவிட்டது என்பது ஆய்வாளன் துணிபு.

எழுத்ததிகாரம்

எழுத்தாவது, கிடாரின் தலைப்பலகையில் இருப்பது. வாங்க வருபவர் முதலில் பார்ப்பதும் கடைசிவரை நம்புவதும் அதைத்தான்.

ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறெழுத்து வந்தும் பொருள் மாறாதிருந்தால் அது போலி. பந்தல், பந்தர் என வருவது கடைப்போலி. அமச்சு, அமைச்சு என வருவது இடைப்போலி. அமெரிக்காவில் கிப்ஸன், கொல்கத்தாவில் கிவ்ஸன் என வருவதும் இடைப்போலியே. ஒரு வேறுபாடு: இங்கே பொருள் மாறாவிட்டாலும் விலை மாறும். கொல்கத்தாக் கிடாரை நான் குறை சொல்லமாட்டேன்; என் வயதுக்காரர்கள் பலர் விரல் தேய்த்ததெல்லாம் அதில்தான். இலக்கணம் பார்த்து வாங்கினோமா என்ன, இருந்த காசைப் பார்த்து வாங்கினோம்.

எழுத்து தோன்றலும் உண்டு. பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் கேட்டால் ‘ஃபெண்டர்’ என்று சாய்த்து, வளைத்து, வெள்ளிக் கலரில் வெட்டித் தருவார்கள். ஆகவே கற்றறிந்தோர் தலைப்பலகையை நம்பாமல் கருவியைக் குப்புறப் போடுவர். கழுத்தை உடலோடு சேர்க்கும் நான்கு திருகாணிகளுக்கடியில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். பழைய ஃபெண்டர்களில் வரிசை எண்ணை அதில்தான் பொறித்தார்கள். இவ்வட்டாரத்தில் சில வருடங்களாக மதிப்போடு பேசப்படும் ‘கே.எல். 98’ என்ற அரிய வகையையும் அந்தத் தகட்டை வைத்தே அடையாளம் காண்பர். அதனைப் பின்னர் விரிப்பாம்.

சொல்லதிகாரம்

சொற்களுள் முதலில் கற்க வேண்டியது விளிவேற்றுமை. எதிராளி ‘ப்ரோ’ என்றால் கல்லூரி மாணவன். அரியர் ஃபீஸ் கட்ட விற்கிறான், விலை இறங்கும். ‘பிரதர்’ என்றால் சபையில் வாசிப்பவர். விலை இறங்காது, உங்களுக்காக ஜெபிப்பார். ‘சார்’ என்றால் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வருகிறவர். விலை பேசும் முன் டீ வாங்கித் தருவார், அதன்பின் பேரம் பேச நமக்கு வாய் வராது. ‘அண்ணா’ என்றால் முடிவாகிவிட்டது, ஏமாறப்போவது அண்ணன்தான்.

அடுத்து மங்கல வழக்கு. விளக்கை அணை என்னாமல் குளிர வை என்போமே, அதுபோல. ‘கொஞ்சம் செட்டப் பண்ணணும்’ என்றால் கழுத்து வில்லாய் வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் ட்ரஸ் ராடை யாரோ ஆலன் கீயால் திருகித் திருகி மழுக்கியும் விட்டார். ‘ஹோம் யூஸ் மட்டும்’ என்றால் கச்சேரிக்கு யாரும் கூப்பிடவில்லை. ‘வின்டேஜ் லுக்’ என்றால் கட்டிலுக்கடியில் கிடந்தது.

மூன்றாவது காலவழுவமைதி. ‘கிளம்பிட்டேன் ப்ரோ’ என்பது வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் எதிர்காலம். ‘ஆவடி தாண்டிட்டேன்’ என்பவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். ‘லாஸ்ட் ப்ரைஸ் என்ன?’ என்பது வினாவே அன்று. பேரத்தில் முதலில் வருகிற சொல்லுக்கு ‘லாஸ்ட்’ என்று பெயர் வைத்த மொழி வேறெங்கும் இராது.

பொருளதிகாரம்

அகத்திணை. திருமுல்லைவாயல் பெயரிலேயே முல்லை, உரிப்பொருள் இருத்தல். விற்பவர் வரும்வரை பிளாட்பாரத்தில் காத்திருப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நிலையம் இல்லை. மே மாத நண்பகலில், நிழலே இல்லாத எஸ்டேட் சாலையில் கருவியைக் கைமாற்றுவது பாலை, உரிப்பொருள் பிரிதல். ‘வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே’ என்று கேட்கப்படுவது மருதம், ஊடல். விற்றவன் மூன்றாம் நாள் அம்பத்தூர் ஏரிக்கரையில் நின்று ‘குடுத்திருக்கக் கூடாதுடா’ என்பது நெய்தல், இரங்கல். குறிஞ்சிக்குரிய கூடல், புதிய பேஸைப் படுக்கையில் வைத்துக்கொண்டு தூங்கும் முதல் இரவு. அதற்குமேல் உரையாசிரியர் விளக்கார்.

கருப்பொருளுள் மரம் ஈட்டி. தென்னிந்திய மலைக்காட்டு ஈட்டி, ஃபிங்கர்போர்டு ஆவதற்கென்றே அயல்நாட்டுக் கிடார் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. 2017-இல் ஈட்டி இனங்களுக்கெல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்து, 2019-இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. நம் மலையிலிருந்து போன மரம் நம்மிடமே டாலர் விலையில் திரும்புகிறது. இவ்வட்டாரத்தில் எதுவும் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை என்ற நம் கோட்பாட்டுக்கு இது முதற்சான்று.

பண் என்ன என்று கேட்டால் இளையராஜா. கருவியைக் கையில் வாங்கியவர் யாராயினும் 1982-இல் வந்த ‘இளைய நிலா’வின் அடிவரியைத்தான் தொடங்குவார், நான்காவது அளவில் தடுமாறி, ‘ஆக்‌ஷன் கொஞ்சம் உசரம்’ என்று கம்பியைக் குறை சொல்வார். குறையிலே ஐந்நூறு ரூபாய் குறையும்.

புறத்திணை. கிடார் அகம் என்றால் ஆம்ப் புறம். பக்கத்து வீட்டார் புகுந்துவிடுவதால். பேஸின் தடித்த கம்பி வெறுமனே அதிர்ந்தால் 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். நம் பத்துக்குப் பத்து அறை மூன்று மீட்டர். கீச்சுக்குரலைத் தடுத்துவிடும் சுவர், இந்தத் தாழ்ந்த ஒலியிடம் அவ்வளவாக முரண்டு பிடிக்காது. வாசிப்பவன் வீட்டில் கூரை விசிறி மட்டும் கேட்க, கீழ்வீட்டுப் பரணில் பித்தளை அண்டா ‘இளைய நிலா’ பாடும்.

வாட் பற்றிய மயக்கமும் தீர்த்தற்குரியது. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் பெட்டிமேல் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்திருப்பார்கள்; அந்த நோய் இன்னும் தெளியவில்லை. காதுக்கு ஓசை இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். 50 வாட்டை விற்று 100 வாட் வாங்குபவருக்குக் கூடுவது 3 டெசிபல். வீட்டில் கூடும் சத்தத்துக்கு அலகு இல்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட், அதன்கீழ் பத்தங்குல ஸ்பீக்கர் எட்டு அடுக்கிய, ஃபிரிட்ஜ் உயரத்துப் பெட்டி. அதைப் படத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கையில் இருந்தது, ஆடிக்கூழுக்கு அம்மன் பாட்டும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டமும் ஒருசேர நடத்திக்கொடுத்த அஹுஜா; இல்லையேல் ரிச்சி தெருவில் 2என்3055 டிரான்சிஸ்டர் வாங்கி, எஸ்டேட்டில் தெரிந்தவரிடம் தகடு வளைத்து, தச்சரிடம் ப்ளைவுட் பெட்டி அடித்த ‘அசெம்பிள் செட்’.

அசெம்பிள் செட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. எர்த் சரியில்லாவிட்டால் அது தானே பாடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸில் தடித்த கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டிலுள்ள ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். ஆக அந்த ரீங்காரம் ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே நிற்கும். 60 ஹெர்ட்ஸில் ஓடும் அமெரிக்காவில் அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் நிற்கும் என்பதால் அவர்களுக்கும் நமக்கும் சுருதி சேராது. தெருவிலுள்ள ஃபிரிட்ஜ், டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக் அனைத்தும் விடாமல் ஐந்து கட்டையில் முனகும் ஊரில், சுருதிப் பெட்டிக்குக் காசு கொடுப்பவன் ஊதாரி. அதிலும் ஆவடிக்காரர்களின் காதே வேறு: 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்த ஊர். அவர்களிடம் ‘லோ எண்ட் போதுமா?’ என்று கேட்கக் கூடாது.

களவியல். உலகப் பெரும் பேஸ்களின் வரலாற்றை நோக்கின் ஓர் ஒற்றுமை புலப்படும். 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுனுக்கு பால் மெக்கார்ட்னி வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர், 1972-இல் களவுபோனது; திரும்பிவிட்ட செய்தி 2024-இல் வந்தது. மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்த ப்ரிசிஷன், 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்றுமுன் களவுபோனது, இன்னும் வரவில்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஜாஸ் பேஸ் 1986-இல் களவுபோய் இருபது வருடம் கழித்து வெளிவந்தது. எனவே திருடு போகாத பேஸ் பெருமைக்குரியதன்று என்று சூத்திரம் செய்யலாம். எங்கள் தெருவில் பூட்டாத வராந்தாவில் என் பேஸ் ஒருமுறை மூன்று நாள் கிடந்தது. பக்கத்திலிருந்த செருப்பு போயிற்று.

கற்பியல். ஜேமர்சன் கம்பி மாற்றாதவர். அழுக்கில்தான் சுவை என்பது அவர் கொள்கை. நம்மவர்களும் கம்பி மாற்றமாட்டார்கள். ஒரு செட் விலையைக் கேட்டபின் வந்த கொள்கை. செத்த கம்பியைக் கழற்றி, வளையமாய்ச் சுருட்டி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் சுருளுக்குள் இருக்கும் வியர்வையும் அழுக்கும் இறங்கிக் கம்பி சில நாள் கணீரென்று பேசும். இது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் வட்டாரச் சிறப்பு, அந்தப் பாத்திரத்தில் அன்று இரவே ரசம் வைப்பது.

மரபியல்

1998-இல் நான் 6,500 ரூபாய்க்கு ஒரு பேஸ் வாங்கினேன். தலைப்பலகையில் பெயரே இல்லாத உள்ளூர்த் தயாரிப்பு. அந்த வாரம் அம்மா புது எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டக் கடைக்குக் கிளம்பினாள். “அதையும் எடுத்துட்டு வாடா. நாளைக்கு எவனாவது தூக்கிட்டுப் போனா அடையாளம் வேணாமா?” குடம், தூக்கு, ரசப் பாத்திரம், பேஸ் என்ற வரிசையில் பெயர் வெட்டுகிறவர் மிஷினை ஓட்டினார். தாத்தா இன்ஷியல், அம்மா பெயரின் முதலெழுத்து, வருடம்.

2003-இல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அதை 4,000-க்கு விற்றேன். அதன்பின் அது கொரட்டூரில் ஒரு மெல்லிசைக் குழு, திருமுல்லைவாயலில் ஒரு சபை, பட்டாபிராமில் ஒரு மாப்பிள்ளை எனப் பலர் கைகளில் உலவியதை இந்த ஆய்வுக்காகவே தேடித் தெரிந்துகொண்டேன். 1955-இல் ஆவடி காங்கிரஸ் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. மற்ற துறைகளில் எப்படியோ, பேஸ் கிடாரில் அந்தத் தீர்மானம் நிறைவேறிவிட்டது: எல்லோரும் வைத்திருந்தார்கள், எவருக்கும் சொந்தமில்லை.

போன வருடம் பூந்தமல்லியில் ஒரு கல்லூரிப் பையன். குப்புறப் போட்டுத் தகட்டைக் காட்டினான்.

“கே.எல். 98 அண்ணா. கோலாலம்பூர் மேக், தொண்ணூத்தெட்டு மாடல். இப்ப இந்தப் பீஸ் வர்றதே இல்ல.”

எங்கள் வீட்டுக் குடத்தில் இருக்கிற அதே சாய்ந்த எழுத்து. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டாயிரத்துக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் சொன்ன மறுகணமே மேற்குச் சென்னையின் ஒரே கோலாலம்பூர் பேஸ் இல்லாமல் போகும். அதை வாங்கத்தானே அவ்வளவு தூரம் வந்தேன்? 14,000 எண்ணிக் கொடுத்தேன். ‘அண்ணா’ என்றான் பாருங்கள், அப்போதே தெரியும்.

கம்பி செத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி அடுப்பில் போட்டேன். நீர் கொதித்தபோது பாத்திரத்தின் விளிம்பில் கே.எல். 98.

அதுவும் கோலாலம்பூர்தான். விற்பதாயிருந்தால் இரண்டையும் ஜோடியாகத்தான் தருவேன். ஹோம் யூஸ் மட்டும்.